எண்ணெய் மின் நிலையங்கள் கையிருப்பாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2030ஆம் ஆண்டளவில் இலங்கையின் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறவேண்டும் என்ற கொள்கையை நான் முழுமனதுடன் வரவேற்கிறேன். ஆனால் அதைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், சப்புகஸ்கந்த, களனிதிஸ்ஸ, கெரவலப்பிட்டிய போன்ற எண்ணெய் மின் நிலையங்களை அடியோடு மூடிவிட வேண்டும் என்ற குரலும் சேர்ந்தே எழுகிறது. இந்த முடிவு அவசரமானது என்பது என் கருத்து. நாம் அவற்றைப் பிழையான வேலைக்குப் பயன்படுத்தி வந்தோம்; அதனால் அவை தேவையற்றவை ஆகிவிடவில்லை.

1996ஆம் ஆண்டின் வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றி நாடு நீண்ட மின்வெட்டில் தவித்தது பலருக்கும் நினைவிருக்கும். நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நமக்கு அன்று கைகொடுக்கக்கூடியது விரைவில் நிறுவத்தக்க எண்ணெய் இயந்திரங்களே. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முதற்பிரிவு 2011இல்தான் இயங்கத் தொடங்கியது என்பதால், இடைப்பட்ட காலமெல்லாம் அவசரத்துக்கென வந்த எண்ணெய், அன்றாடச் சமையலுக்குரிய விறகுபோல் எரிக்கப்பட்டது. அதன் விலையை 2022இல் கொடுத்தோம். அந்நியச் செலாவணி இல்லாமல் எரிபொருள் கப்பல்கள் காத்துக்கிடக்க, நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருக்க, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோம்.

அப்படியானால் மூடிவிடலாமே என்பவர்கள், 2025 பெப்ரவரி 9ஆம் திகதியை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை, மின்தேவை குறைவு, கூரைகளின் சூரிய மின்சாரமோ மிகுதி. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. கனமான சுழலிகள் போதிய அளவில் சுழன்றுகொண்டிருந்தால், திடீர் அதிர்ச்சியை அவற்றின் வேகமே சிறிது நேரம் தாங்கும். சூரிய மின்படலங்களுக்கு அந்த வலு இல்லை. நின்றுபோன நுரைச்சோலையின் மூன்று பிரிவுகளும் உடனே திரும்ப முடியாததால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. நிலக்கரிக் கொதிகலன் ஆறிவிட்டால் மீண்டும் சூடேற மணிக்கணக்காகும். டீசல் இயந்திரமோ சில நிமிடங்களில் உயிர்பெறும். மாலையில் சூரியன் சாய்ந்து, வீடுகளில் விளக்குகள் எரியும் வேளையில் ஏற்படும் இடைவெளியை நிரப்பவும், வரட்சி ஆண்டுகளில் நீர்மின்சாரத்தின் குறையை ஈடுசெய்யவும் இந்த வேகம் தேவை. மின்கல சேமிப்பு நிலையங்கள் பெருமளவில் வந்த பின் இத்தேவை குறையும், அதுவரை குறையாது.

எண்ணெயின் தீமையை அறியாமல் நான் இதை எழுதவில்லை. போர்க்காலத்தில் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வெளிச்சம் தந்தவை எண்ணெய் இயந்திரங்களே. ஆனால் அத்தகைய இயந்திரங்கள் இயங்கிய குடாநாட்டின் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் படிந்தது. அங்கிருந்த தனியார் மின் நிலையமொன்று 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுண்ணக்கல்லில் ஊறும் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கும் எங்களுக்கு அந்தத் தொகை மிகச் சிறியது.

ஆகவே, எண்ணெய் நிலையங்களைக் குறைந்த மணித்தியாலங்களுக்கு மட்டும் இயங்கும் கையிருப்பாக மின்துறை அதிகாரிகள் வகைப்படுத்த வேண்டும். அவற்றைத் தயார்நிலையில் வைத்திருப்பதற்கான செலவை, எரிபொருள் செலவிலிருந்து பிரித்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சில வார இயக்கத்துக்குப் போதுமான எண்ணெயை எந்த நெருக்கடியிலும் வேறு தேவைக்குத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரும் மின்துறைக்குத் தொடர்பில்லாத ஆய்வுகூடமொன்றில் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் அந்தந்தப் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
சுன்னாகம்.