மழையில் விட்டுவந்த மருந்துப் பை

ஜப்பானின் நோமியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் தம்பிக்கு,

போனில் நன்றி சொன்னதெல்லாம் கணக்கில் சேராது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். அதனால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். இந்த நன்றி உங்களுக்கு மட்டும் இல்லை. உங்கள் பக்கத்து ஊரான கனசாவாவின் ஓமிச்சோ மீன் சந்தையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ ஜப்பானிய மொழியில் 'அரிகாதோ' (நன்றி) தாண்டி ஒன்றும் வராது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது இதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

டோக்கியோவில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த அம்மாவுக்குக் கோயில், கோபுரம் எதிலும் மனம் ஒட்டவில்லை. "மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். நாகப்பட்டினத்துக்காரர், வேறென்ன கேட்பார்? கனசாவா சந்தைக்குப் போகலாம் என்று முடிவானது. அண்ணன் மகள் உங்கள் எண்ணைக் கொடுத்தாள். புதன்கிழமை போனால் பல மீன்கடைகள் பூட்டியிருக்கும், வியாழன் போங்கள் என்றீர்கள். கூடவே, "சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே" என்ற அந்த ஊர்ச் சொலவடையையும் சொன்னீர்கள். நாங்கள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குடையை மறந்தோம்.

நவம்பர் கடைசி. கனசாவா ஸ்டேஷனை விட்டு இறங்கும்போதே மழை, நடுவில் ஆலங்கட்டி வேறு. பதினைந்து நிமிட நடைதான் என்றாலும் நனைந்துவிட்டோம். முசாஷி சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு குடை அம்மாவின் தலைக்கு மேலே வந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண். சந்தை வாசல் வரை கூடவே வந்து, தலையைக் குனிந்துவிட்டுப் போய்விட்டாள். அவளை எங்கே போய்த் தேடுவது? அவளுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

1721-இல் தொடங்கியதாகச் சொல்லும் அந்தச் சந்தை கூரை போட்ட சந்துகளாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே மழை தடதடக்க, கீழே கடைக்காரர்கள் அதற்கும் மேலே கத்துகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மாவுக்கு நனைந்ததெல்லாம் மறந்துபோனது. ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்து, "இது கணவாய், இது மத்தி" என்று பெயர் வைத்துக்கொண்டே போனார். சிவப்பாக ஒரு மீன். செவுளைப் பார்க்க அம்மா கையை நீட்டினார், நான் பதறி இழுத்தேன். கடைக்காரம்மா கோபிக்கவில்லை. அவரே அதன் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே தொண்டை முழுக்கக் கறுப்பு. "நோதோகுரோ" என்றார். பெயருக்கே 'தொண்டைக் கறுப்பு' என்றுதான் பொருள் என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள்.

அடுத்த தட்டில் உள்ளங்கை அளவு நண்டுகள், வயிற்றடியில் சினை பிதுங்கிக்கொண்டு. பக்கத்தில் நீல அடையாள அட்டை கட்டிய பெரிய ஆண் நண்டுகள். அவற்றின் விலையை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. "சினை நண்டைப் புடிச்சு விக்கிறாங்களே" என்று அம்மா முகம் சுளித்தார். உங்களுக்குப் போன் போட்டேன். பெண் நண்டு பிடிக்க அங்கே நவம்பர் 6 முதல் டிசம்பர் 29 வரைதான் அனுமதி என்றீர்கள். "நம்ம தடைக்காலம் மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அப்பச் சரி" என்று ஒன்று வாங்கிச் சாப்பிட்டார். நடந்துகொண்டே தின்னக் கூடாதாம், கடையோரமே நின்றோம். கடைக்காரம்மா ஓட்டைப் பிளந்து, வெளிச்சினை, உள்சினை, காலின் சதை என்று தனித்தனியாக எடுத்துவைத்தார். அப்போது இடி இடித்தது. அவர் மேலே கையைக் காட்டி, பக்கத்தில் கிடந்த பெரிய மீனைக் காட்டி, "புரி, புரி" என்றார். அதையும் வாங்கச் சொல்கிறார் என்று நினைத்து அம்மா கையை ஆட்டி மறுத்தார். குளிர்காலத் தொடக்கத்தில் இடிக்கும் அந்த இடிக்கு 'புரியை எழுப்புகிற இடி' என்றே பெயராம், புரி மீன் வரத்துக்கு அதுதான் கட்டியமாம். அதுவும் உங்களால்தான் தெரிந்தது.

இந்தக் கலகலப்பில்தான் அம்மாவின் இன்சுலின் பையை அந்தக் கடை விளிம்பிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஸ்டேஷனில் தோளைத் தடவினால் பை இல்லை. வண்டிக்கு முப்பது நிமிடம். கையெல்லாம் நடுங்கியது. பை தொலைந்திருக்கும் என்பதைவிட, நல்ல எண்ணத்தில் யாராவது ஐஸில் போட்டுவிடுவார்களோ என்பதுதான் பயம். இன்சுலின் உறைந்தால் வீண். மீன்கடையில் ஐஸுக்கா பஞ்சம்!

தம்பி, வகுப்பிலிருந்து எழுந்து வெளியே வந்து பேசினீர்கள் என்பது பின்னால்தான் தெரியும். கடைப் பெயர்ப் பலகையை நான் எடுத்திருந்த படத்தில் படித்து, எண் தேடி, கடைக்குப் போன் போட்டு, "ஐஸ் வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். டாக்சி ஓட்டுநர் பெரியவரிடமும் நீங்களே பேசினீர்கள். சந்தை வாசலில் அவர் மீட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் சைகையில் மீட்டரைக் காட்டியும் சிரித்தாரே தவிர, போடவில்லை.

கடைக்காரம்மா ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு, அதன் அடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டி. உள்ளே எங்கள் பை, செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு துளி ஈரம் இல்லாமல். பணம் கொடுக்கப் போனேன். என் கையை மூடி, தள்ளிவிட்டார். அவர் கை பனிக்கட்டியாக இருந்தது. நாள் முழுக்க ஐஸில் கிடக்கும் கை.

டோக்கியோ திரும்ப முன்பதிவு செய்திருந்த 'ககயாகி' புல்லட் ரயில் போய்விட்டது. புதுச் சீட்டு எடுக்க வேண்டியிருக்குமோ என்று பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் ஊழியர், இதே சீட்டோடு பின்னால் வரும் 'ஹகுதகா' என்ற ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறலாம் என்று தாளில் படம் வரைந்து புரியவைத்து, நடைமேடை வரை வந்து வரிசை நிற்கும் இடத்தைக் காட்டினார். அவருக்கும் நன்றி.

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட அம்மா விடவில்லை. அலமாரி மேல் இருக்கிறது. அந்தக் கடைக்காரம்மாவிடம் அம்மா கேட்கச் சொன்ன ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அந்தத் தொண்டைக் கறுப்பைப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் சதை முள்ளோடு நிற்குமா, இல்லை குழம்பிலேயே கரைந்துவிடுமா? மறக்காமல் கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாகப்பட்டினத்து அக்கா