அனுமதிப்பத்திரக் காணியின் பேரேட்டுப் பிரதியும் அளிப்புப் பத்திரமும் கோரும் மனு

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
முல்லைத்தீவு மாவட்டம்.

ஊடாக: கிராம அலுவலர்

மதிப்புக்குரிய ஐயா,

அளம்பில் பக்கம் அரை ஏக்கர் மேட்டுக்காணியில் குடியிருக்கிறேன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நிபந்தனையோடு குடியிருக்க அரசு என் பெயருக்குத் தந்த அனுமதிப்பத்திரக் காணி இது. மீள்குடியேறிய பின் இந்திய வீட்டுத் திட்டத்தின் 550,000 ரூபாயோடு கைக்காசும் போட்டு வீட்டை எழுப்பினோம். மனைவிக்கு வவுனியாவில் தொடர்ந்து வைத்தியம் நடக்கிறது; மகளும் அங்கேதான் இருக்கிறாள். அதனால் வீட்டை விற்க வேண்டிய நிலையில் இருக்கிறேன்.

அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது. ஆனால் 2009 ஏப்ரலில், இறுதி யுத்தத்தில் மாத்தளன் கடலேரியைக் கடந்தபோது, பையைத் தலையில் வைத்து நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தும் ஒரு மூலை நனைந்துவிட்டது. மை ஊறி, இலக்கத்தின் கடைசி எண் 3 ஆ, 8 ஆ என்று தெரியவில்லை. வெயிலில் பிடித்தால் 3, விளக்கடியில் 8.

அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் தரகர்கள் விலை பேசுகிறார்கள். அடுத்த வளவு உறுதிக் காணி, அதாவது உறுதிப்பத்திரத்தோடு சொந்தமான தனியார் காணி. அது போன விலையில் பாதிகூட எனக்குச் சொல்கிறார்கள் இல்லை. இவ்வளவுக்கும் இரண்டு கிணற்றிலும் ஒரே நல்ல தண்ணீர், இரண்டு வளவிலும் கச்சான் ஒரேமாதிரித்தான் விளைகிறது. என்னிடம் வாங்க வரும்போது, "கரையோரக் காணி, கட்டடம் கட்ட விடமாட்டார்கள்" என்கிறார்கள். கரையோர வலயம் பொதுவாக உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர். என் வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல். அதே வாய், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் படம் அனுப்பும்போது "கடற்கரை வளவு" என்கிறது.

உரித்துக் கோரப்படாத காணிகளை அரச காணியாக்குவது பற்றிய 2025 மார்ச் 28 வர்த்தமானி வெளிவந்த கிழமை ஒருவர் படலையில் நின்று, "அரசாங்கம் எடுக்க முதல் தள்ளிவிடுங்கள்" என்றார். அந்த வர்த்தமானி பின்னர் மீளப்பெறப்பட்டது. இறங்கிய விலை இறங்கியபடியே நிற்கிறது. இன்னொருவர், என் சார்பில் காணியைக் கையாள அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதித் தரும்படியும், முற்பணத்துக்கென்று வெற்றுத் தாளில் ஒப்பமிடும்படியும் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இத்தகைய காணியைக் கைமாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் ஒப்பமிட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வாங்கியவருக்கும் உறுதி இல்லை, விற்றவருக்கும் மிச்சக் காசு இல்லை.

ஆகவே, அலுவலகப் பேரேட்டில் உள்ள என் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியை முதலில் தந்துதவுங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்கிறேனா என்பதைக் காணி உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்து, அனுமதிப்பத்திரத்துக்குப் பதிலாகக் காணி உரித்தைத் தரும் அளிப்புப் பத்திரத்துக்குச் சிபாரிசு செய்ய ஆவன செய்யுங்கள். அது கிடைத்த பின், வாங்குபவரின் விபரத்தோடு விற்பனைச் சம்மதத்துக்கு முறைப்படி விண்ணப்பிப்பேன். விலையை நான் பேசிக்கொள்வேன். அதில் உங்களுக்குச் சிரமம் தரமாட்டேன்.

சம்மதமின்றி எழுதப்படும் உறுதி செல்லாது என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தலைக் கிராம அலுவலர் அலுவலகத்திலும் மீனவர் சங்கக் கட்டடத்திலும் ஒட்டுவித்தால் பெரும் உதவி. ஆட்கள் கூடுவது சங்கத்தில்தான்.

அனுமதிப்பத்திரத்தின் போட்டோப் பிரதியை இணைத்திருக்கிறேன். மூலப்பத்திரத்தைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. அழைக்கும் நாளில் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
அனுமதிப்பத்திரக்காரர்
(ஒப்பம்)