நகர் குடியிருப்போர் நலச்சங்கம், பாளையங்கோட்டை: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணாச்சி, பொருளாளர், தெருப் பிரதிநிதிங்க, வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கைன்னா வழக்கமா தெருவிளக்கு, குடிதண்ணி, ஓடைன்னுதான் போகும். தெருவிளக்கு எல்லாம் போட்டாச்சு, ரெண்டாவது தெரு ஓடைக்கு மட்டும் மாநகராட்சியில மனு குடுத்து அது அப்படியே நிக்குது, வரவு செலவை பொருளாளர் வாசிப்பாரு. அதனால நான் நேரா இந்த வருஷம் நம்ம சங்கம் அதிகமா அலைஞ்ச விஷயத்துக்கு வந்திருதேன், அதாவது பள்ளிக்கூடத்துல பிள்ளைகளை கூடப் படிக்கிற பிள்ளைகளே சீண்டுறது, மிரட்டுறது, பட்டப்பேரு வச்சு அழ வைக்கிறது, ஜாதியைச் சொல்லி ஒதுக்குறது.

இதுக்குன்னு தனியா ஒரு குழு எதுக்குன்னு போன பொதுக்குழுவுல சிலர் கேட்டீங்க. 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரியில நடந்தது நம்ம யாருக்கும் மறந்திருக்காது. பிளஸ் டூ படிச்ச பையன், கூடப் படிக்கிற பயலுக தொல்லை தாங்காம ஸ்கூலுக்கே போகாம இருந்திருக்கான், ஸ்கூல்ல கூப்பிட்டு விசாரிச்சப்ப நடந்ததைச் சொல்லியிருக்கான், அன்னைக்கு ராத்திரியே வீடு புகுந்து வெட்டிட்டாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் விடல. அந்தப் பையன் அடுத்த வருஷம் பரீட்சை எழுதி 600-க்கு 469 எடுத்தான், அவன் தைரியத்தைப் பத்தி எல்லாரும் பேசினோம். ஆனா நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறது அவன் வாயைத் திறந்ததுக்கும் அந்த ராத்திரிக்கும் நடுவுல இருந்த அந்த சில மணி நேரத்தைத்தான். புகார் சொல்ற வரைக்கும் "சொல்லு சொல்லு"ங்கிறோம், சொன்னதுக்கு அப்புறம் அந்தப் பிள்ளை எந்த வழியா வீட்டுக்குப் போகுது, மறுநாள் யார் பக்கத்துல உக்காருதுன்னு யாரும் பாக்கிறதில்ல. நம்ம குழு செஞ்ச வேலை எல்லாமே அந்த இடைவெளியை அடைக்கத்தான்.

முதல்ல நம்ம தெரு விஷயம் ஒண்ணு, யாருன்னு தெரியக்கூடாது, அதனால வீடு, ஸ்கூல் எதுவும் சொல்லல. ஏழாவது படிக்கிற பையன், பேச்சு கொஞ்சம் திக்கும். அவன் அம்மா கவனிச்சது ஒரே ஒரு விஷயம், காலையில நிரப்பிக் குடுத்த தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைஞ்சு திரும்பி வருது. அதட்டியும் பாத்தாங்க, கெஞ்சியும் பாத்தாங்க, பதில் இல்ல. கடைசியில வயிறு வலின்னு டாக்டர்கிட்ட போனா யூரின்ல இன்ஃபெக்ஷன். அப்புறம்தான் தெரிஞ்சது, பாத்ரூம் போனா நாலு பயலுக வாசலை மறிச்சு நின்னு "உன் பேரைச் சொல்லிட்டு உள்ள போ"ன்னு சொல்ல வச்சு சிரிப்பாங்களாம், அதுக்குப் பயந்து நாள் முழுக்க தண்ணியே குடிக்காம இருந்திருக்கான். அடி கிடையாது, காயம் கிடையாது, வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. ஸ்கூல்ல போயி சொன்னப்ப அஞ்சு பேரையும் வரிசையா நிக்க வச்சு கை குடுத்துக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க, மறுநாள்ல இருந்து தொல்லை ரெட்டிப்பாயிட்டு.

இந்த கை குடுக்கச் சொல்றதை நாம நிறுத்தியே ஆகணும். ரெண்டு பிள்ளைக பேட்டுக்கும் பேனாவுக்கும் சண்டை போட்டா கை குடுக்கச் சொல்லலாம், ரெண்டும் சரிசமம். ஆனா பலமுள்ளவன் பலமில்லாதவனை தினம் தினம் போட்டு வதைக்கிறதுல சமாதானம் பேசினா வதைபட்டவனும் பாதித் தப்பு செஞ்சவன்னு ஆயிருது. நம்ம குழு மறுபடி போயி பேசினோம், பெற்றோர், வகுப்பு ஆசிரியர், ஹெச்.எம் மூணு பேரும் உக்காந்து, நாலு பையன்களையும் தனித்தனியா அவங்க வீட்டாளுக முன்னாடி கூப்பிட்டுப் பேசுறது, இடைவேளையில பாத்ரூம் பக்கம் ஒரு ஆசிரியர் நிக்கிறது, பையன் கூட ரெண்டு சேக்காளிகளை எப்பவும் இருக்கச் சொல்றதுன்னு முடிவு பண்ணாங்க. வாரா வாரம் அந்த அம்மாகிட்ட நாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம். இப்ப பாட்டில் காலியா வருது. அந்த நாலு பேருக்கும் டி.சி குடுங்கன்னு நம்ம கமிட்டியிலேயே ரெண்டு பேர் சொன்னாங்க, நான் ஒத்துக்கல, டி.சி குடுத்தா அதே பயலுக வேற ஸ்கூல்ல வேற ஒரு பிள்ளையைப் பிடிப்பாங்க. அதுல ஒருத்தன் வீட்டுல அப்பா தினம் குடிச்சுட்டு வந்து அடிக்கிறாருன்னு விசாரிக்கப் போன இடத்துலதான் தெரிஞ்சது, அவனுக்கும் கவுன்சிலிங் ஏற்பாடு பண்ணியிருக்கு.

அக்டோபர்ல ஒரு மனநல டாக்டரைக் கூட்டிட்டு வந்து நம்ம ஹால்ல பேச வச்சோம், கூட்டம் நல்லா வந்தது. நார்வேயில 1982 கடைசியில மூணு பசங்க இந்த மாதிரி தொல்லை தாங்காம தற்கொலை பண்ணிக்கிட்டாங்களாம், அதுக்கு அப்புறம்தான் அந்த அரசாங்கம் முழிச்சு, டான் ஒல்வேயஸ்ங்கிற ஆராய்ச்சியாளரை வச்சு ஸ்கூல் முழுக்க சேந்து செய்யுற ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தது. பின்லாந்துல துர்க்கு பல்கலைக்கழகத்துல உருவாக்கின கிவாங்கிற, இதே மாதிரி வம்பைத் தடுக்கிற திட்டம் 2009-ல இருந்து நாடு முழுக்க ஸ்கூல்களுக்குப் போச்சு. அதுல அவங்க புடிச்ச விஷயம் எனக்கு ரொம்பப் புடிச்சது, வம்பு பண்றவனும் படுறவனும் மட்டும் கிடையாது, சுத்தி நிக்கிற கூட்டம் சிரிச்சா வம்பு வளரும், சிரிக்காம நகந்தா அவனுக்கு உப்பு சப்பில்லாம போயிரும். அதனால கேலிக்கு ஆளாகிற பிள்ளைகிட்ட "நீ தைரியமா இரு"ன்னு சொல்றதை விட சுத்தி நிக்கிற முப்பது பேரைப் பழக்கணும்னு டாக்டர் சொன்னாரு. மறு வாரமே நம்ம பிள்ளைகளை வச்சு நடிச்சுப் பாத்தோம், சிரிக்காதே, அந்தப் பிள்ளை பக்கத்துல போயி நின்னு "வா போலாம்"னு கூட்டிட்டுப் போ, உடனே ஒரு பெரியவங்ககிட்ட சொல்லு, இவ்வளவுதான். ஆறாவது படிக்கிற பிள்ளைக நம்மளை விட வேகமா புரிஞ்சுக்கிட்டாங்க.

பக்கத்து அரசுப் பள்ளியில பிள்ளைக குறையை எழுதிப் போடுற "மாணவர் மனசு" பெட்டி இருக்கு, ஆனா ஸ்டாஃப் ரூம் வாசல்ல, யார் சீட்டு போடுறாங்கன்னு ஊரே பாக்கிற இடத்துல இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல நம்ம ஆளுக பேசி நூலகத்துக்குப் பக்கம் மாத்த வச்சோம், திறக்கும்போது பெற்றோர் ஒருத்தரும் இருக்கணும்னு கேட்டு அதுவும் நடக்குது. மாத்தின பிறகு சீட்டு கூடியிருக்குன்னு ஹெச்.எம் சொன்னாங்க. அதை யாரும் கெட்ட செய்தியா எடுத்துக்க வேண்டாம், பிள்ளைக நம்பி எழுதுறாங்கன்னு அர்த்தம்.

இன்ஸ்டாவுல பேரில்லாம பேஜ் போட்டு கிளாஸ் பொண்ணுங்க போட்டோவை மீம் ஆக்குறது இந்த வருஷம் ரெண்டு மூணு வீட்டுல பிரச்சனை ஆச்சு. பதறிப் போயி டெலிட் பண்ணாதீங்க, முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அப்புறம் ரிப்போர்ட் அடிங்க, பெருசா போனா சைபர் கிரைம்ல புகார் குடுங்க. பிள்ளை கையில இருந்து போனைப் புடுங்கினா அடுத்த தடவை அது நம்மகிட்ட சொல்லவே சொல்லாது.

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். நாங்குநேரிக்கு அப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தது. கையில ஜாதியைக் காட்டுற கலர் கயிறு கூடாது, வகுப்புல பேரோட எழுத்து வரிசைப்படி உக்கார வைக்கணும், 500 பிள்ளைகளுக்கு மேல படிக்கிற ஸ்கூல்ல நல அலுவலர் வேணும்னு நிறைய சொல்லியிருக்காங்க. அதெல்லாம் எப்ப முழுசா வரும்னு காத்துக்கிட்டிருக்காம நம்ம கையில இருக்கிறதை செய்யலாமே. அந்தக் கயிறு கடையில இருந்து தானா வந்து பிள்ளை கையில ஏறல, கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாமதான் கட்டி விடுறோம். கொடை ஃப்ளெக்ஸ்ல மீசை கூட முளைக்காத பயலுக போட்டோவை அருவா படத்தோட போட்டு, கீழ ஜாதிப் பெருமை பேசுற வரி போடுறதும் நம்ம தெருவுலதான். இந்த வருஷ கொடையில ஸ்கூல் பிள்ளைக போட்டோ எந்த ஃப்ளெக்ஸ்லயும் வரக்கூடாதுன்னு தீர்மானம் போட்டோம், எதிர்ப்பு இருந்தது, ரெண்டு பேர் சந்தாவே கட்டல, ஆனா ஃப்ளெக்ஸ் வரல. இதுல நான் பின்வாங்கப் போறதில்ல. 2025 ஏப்ரல்ல நம்ம பாளையங்கோட்டையிலயே ஒரு தனியார் ஸ்கூல்ல எட்டாவது படிக்கிற பையன் பைக்குள்ள அருவா கொண்டு வந்து கூடப் படிக்கிறவனை வெட்டினான், தடுத்த டீச்சருக்கும் வெட்டு. பென்சில்ல ஆரம்பிச்ச தகராறுன்னு சொன்னாங்க. பதிமூணு வயசு பிள்ளைக்கு கோபம் வந்தா அருவா ஞாபகம் வருதுன்னா அதை அவன் எங்க பாத்தான்னு நாம எல்லாரும் கேட்டுக்கணும்.

சட்டம் தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு பிள்ளையை அடிக்கிறது, மனசளவுல வதைக்கிறது ரெண்டையும் தடை பண்ணியிருக்கு, அதனால வாத்தியாரே பட்டப்பேரு வச்சுக் கூப்பிட்டாலும் கேக்கலாம், எழுத்துல கேளுங்க, நகல்ல சீல் வாங்கிக்கோங்க. அவசரத்துக்கு 1098, பள்ளிக்கல்வித் துறையோட 14417, ரெண்டு நம்பரையும் பிள்ளைக நோட்டு அட்டைக்குள்ள எழுதி வைங்க.

வர்ற வருஷத்துக்கு ரெண்டு தீர்மானம் வைக்கிறேன். ஒண்ணு, நம்ம நகர் பிள்ளை எந்த ஸ்கூல்ல புகார் குடுத்தாலும் அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து குறைஞ்சது ஒரு மாசம் பெரியவங்க ஒருத்தர் கூடப் போயி வரணும், அதை சங்கம் பொறுப்பேத்துக்கும். ரெண்டு, சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துல பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேர் நிக்கணும், பஸ்ஸுக்குள்ளயும் ஸ்டாப்புலயும் கூட வம்பு நடக்குது. ரிட்டயர்டு ஆன அண்ணாச்சிமாரும் மதினிமாரும் மனசு வச்சா இது முடியும். ஜூன்ல ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி முறைப்பட்டியல் போட்டாகணும், ரெஜிஸ்டர் வாசல் மேசையில இருக்கு, கூட்டம் முடிஞ்சு காபி குடிச்சுட்டுப் போகும்போது பேரும் எந்தக் கிழமை வர முடியும்னும் எழுதிட்டுப் போங்க.

இப்படிக்கு,
செயலாளர்