சமவெளியில் ரைஃபிள் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்டுப்பன்றிக்கு ஏற்ற ரைஃபிள் எது, கேலிபர் (குண்டின் அளவு) எது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்குத் துப்பாக்கி தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கொடுத்திருக்கும் பட்டியல் முழுக்க முழுக்க அமெரிக்காவின் டெக்சாஸ் பட்டியல். .308, 6.5 கிரீட்மோர், .300 பிளாக்அவுட், .45-70 என்ற ரைஃபிள் தோட்டா வகைகள் எல்லாம் அந்த ஊருக்குச் சரி. அங்கே பன்றி வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டுப் பெருகிப்போன பிராணி, நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் அதைச் சுட 2019-லிருந்து வேட்டை லைசன்ஸ்கூடத் தேவையில்லை, ஹெலிகாப்டரில் பறந்தபடியே சுடுகிறவர்களும் உண்டு. இங்கே அது இந்த மண்ணின் மிருகம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மரவள்ளிக்காடு மொத்தமும் போனாலும் நீங்களோ நானோ அதன்மேல் கைவைக்க முடியாது.

அப்படியானால் இங்கே யார் சுடலாம், எங்கே சுடலாம்? 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிவித்ததுபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள். இதைச் சேலம் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கும் மலைக் கிராமங்களுக்கும் பக்கத்திலேயே காப்புக்காடு, ஆகவே மேலே பெரும்பாலும் பேச்சுக்கே இடமில்லை. கீழே வந்தால் சேர்வராயன், ஜருகுமலை, கோதுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலைதான். சுட அனுமதி மிஞ்சுவது இவற்றுக்கு நடுவில் கிடக்கும் சமவெளியில். அங்கேதான் வயலுக்கொரு வீடு, தோட்டத்துக்கொரு கொட்டகை, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆட்கள், கட்டுத்தறியில் மாடு.

இந்த இடத்தில் .30-06 மாதிரி சக்திவாய்ந்த ரைஃபிளை எடுத்துச் சுட்டால் பன்றி விழும், சரி. தவறினால்? உயரத் தூக்கிச் சுட்ட அந்தக் குண்டு நாலைந்து கிலோமீட்டர் வரைகூடப் போகும், பன்றியின் உடம்பைத் துளைத்து வெளியே வந்தால்கூட இன்னொரு உயிரை எடுக்கும் வேகம் அதற்கு மிச்சமிருக்கும். கட்டுரையில் குண்டின் சக்திக்கு ஜூல் கணக்கெல்லாம் போட்டிருக்கிறார், குண்டு எங்கே போய் நிற்கும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கோபமே அதில்தான்.

சமவெளியில் சுடும் வனத்துறை ஆட்களுக்கு என் தேர்வு 12 போர் துப்பாக்கி, அதாவது ரவை போட்டுச் சுடும் ஷாட்கன். மரவள்ளிக்குள் ராத்திரி லைட் அடித்துப் பார்த்தால் பன்றி தெரிவதே முப்பது நாற்பது மீட்டருக்குள்தான், அதற்கு ஐந்நூறு மீட்டர் ரைஃபிள் எதற்கு? எல்ஜி, எஸ்ஜி மாதிரிப் பெரிய ரவைகள் அந்தத் தூரத்துக்குள் வேலை செய்யும், அதைத் தாண்டினால் பரவிவிடும், காயம்பட்ட பன்றிதான் மிஞ்சும். ஒற்றைக் குண்டுத் தோட்டா, அதாவது ஸ்லக், கிடைத்தால் இன்னும் நல்லது, ஐம்பது மீட்டரில் நம்பிச் சுடலாம். ஆனால் ஸ்லக்கும் தூரம் போகக்கூடியதுதான், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதையும் விட முடியாது. எது வைத்திருந்தாலும் பரண்மேல் ஏறி உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடட்டும். தவறியது மண்ணில் புதைந்துவிடும். நம் ஊரில் காவலுக்குப் பரண் போடத் தெரியாதவர் யார்?

ரைஃபிளே கூடாது என்று சொல்லவில்லை. குண்டை வாங்கிக்கொள்ளப் பின்னால் மேடோ கரடோ இருக்கிற இடத்தில் .315 ரைஃபிள் போதும், தாராளமாகப் போதும். .303 ராணுவ வகை என்பதால் பொதுமக்களுக்குத் தடை, அந்த இடத்தை நிரப்ப நம் நாட்டில் நிலைத்ததுதான் .315. வேகம் குறைவுதான் என்றாலும் கனமான குண்டு, நூறு மீட்டருக்குள் பன்றிக்கு அது குறையே இல்லை. முனை மென்மையான சாஃப்ட் நோஸ் தோட்டாவாக இருக்க வேண்டும், முழுக்க உறை போட்ட குண்டு ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு அப்பால் போய்விடும்.

.22 என்ற சின்ன ரைஃபிள் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "காதுக்குப் பின்னால் அடித்தால் போதுமே" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் சக்தி .30-06-இல் இருபதில் ஒரு பங்குகூட வராது. பகலில் கூண்டுக்குள் நிற்கும் பன்றிக்கு அது பலிக்கலாம், ராத்திரியில் தலையை ஆட்டிக்கொண்டு கிழங்கு தோண்டும் பன்றிக்குப் பலிக்காது. பால்ரஸ் போட்டுக் கெட்டிக்கும் கள்ளத் துப்பாக்கி அதைவிட மோசம். லைசன்ஸ் வாங்கிய குழல் வழிக் கெட்டிப்புத் துப்பாக்கி வேறு விஷயம், 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்க்காவலுக்கு என்றே அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் அந்த லைசன்ஸ் பன்றியைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. வெடிச் சத்தத்தில் விரட்டலாம், அவ்வளவுதான்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று பன்றியின் உடம்பு. முற்றிய ஆண் பன்றிக்குத் தோள்பட்டைமேல் தோலுக்கடியில் கெட்டியான கவசம் மாதிரி ஒரு திசு இருக்கும், சின்ன ரவை அதில் சிக்கிக்கொள்ளும். முதுகுமயிர் சிலிர்த்து நிற்பதால் உடம்பு இருப்பதைவிட உயரமாகத் தெரியும், அதனால் பலரும் மேலே சுட்டுவிடுகிறார்கள். இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னங்கால் சேரும் இடத்துக்குச் சற்றுமேல்தான் இருக்கிறது. குண்டு அங்கே போகாவிட்டால் எந்த கேலிபரும் உதவாது, அந்தப் பன்றி விடிகாலையில் கடலைக்காட்டில் களைவெட்ட வரும் பெண்கள்மேல்தான் பாயும்.

ஆகவே அடுத்த இதழில் இதைத் தொடர்வதாக இருந்தால், ரைஃபிள் படங்களுக்குப் பதிலாகப் பன்றியின் பக்கவாட்டுப் படம் ஒன்றை அரைப் பக்கத்துக்குப் போட்டு, கவசம் எங்கே, இதயம் எங்கே என்று குறித்துக் காட்டுங்கள். கூடவே 3 கிலோமீட்டருக்கு அப்பால் நிலம் வைத்திருப்பவர் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்பதையும் வனத்துறையில் கேட்டுப் போட்டால் எங்கள் பக்கத்தில் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குப்பனூர், சேலம் மாவட்டம்