அது அரம் இல்ல, கூலி

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

போன இதழ்ல 1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தப் பத்தி வந்த வேதபாடம் வாசிச்சேன், சவுல் ராஜாவோட பயத்தப் பத்தி எழுதியிருந்த பகுதி ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா 21ஆம் வசனத்துக்கு வந்ததும் ஜனங்க கையில ஆயுதம் இல்லாட்டியும் அரமாவது இருந்துச்சு, அதே மாதிரி நமக்கும் கர்த்தர் ஒரு அரத்த விட்டு வச்சிருக்கார்னு பாடம் வேற பக்கம் போயிடுச்சு. எழுதினவர குறை சொல்ல மாட்டேன், நம்ம பழைய மொழிபெயர்ப்புலயே "அரங்கள் மாத்திரம் அவர்களிடத்தில் இருந்தது"ன்னுதான் இருக்கு. ஆனா எபிரெய மூலத்துல அந்த எடத்துல அரம் இல்லங்க ஐயா, ஜனங்களோட கருவிகளத் தீட்ட பெலிஸ்தர் வாங்கின கூலிதான் இருக்கு, அத வாசகர்களுக்கு தெரியப்படுத்தணும்னுதான் இந்த கடிதம்.

அங்க இருக்கற வார்த்தை 'பீம்'. பழைய ஏற்பாடு முழுக்க தேடினாலும் இந்த ஒரே எடத்துலதான் வருது, பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பார்க்க வேற வசனம் கிடையாது. அதுக்கு முன்னாடி நிக்கற 'பெட்சிரா'ங்கற வார்த்தையும் வேற எங்கயும் இல்ல, "முக்கூருள்ள ஆயுதங்கள்"னு நாம வாசிக்கற எடத்துல இருக்கறதும் அபூர்வமான வார்த்தைதான், அங்க சேக்கல்ங்கற பழைய எடையில மூணுல ஒரு பங்குன்னு புரிஞ்சுக்கறவங்களும் இருக்காங்க. ஒரே வசனத்துல இத்தனை முடிச்சு இருந்தா மொழிபெயர்க்கறவங்க என்ன பண்ணுவாங்க? கிறிஸ்துவுக்கு முன்னாடியே கிரேக்கத்துல பெயர்த்தவங்க அறுப்புக்கு காலம் வந்துச்சு, ஒரு பல்லுக்கு மூணு சேக்கல்ங்கற மாதிரி எழுதிட்டாங்க, ஜெரோம்ங்கற வேத அறிஞர் லத்தீன்ல முனையெல்லாம் மழுங்கிப் போச்சுன்னு எழுதினார், 1611 ஆங்கில பைபிள் அரம்னு போட்டு ஓரக்குறிப்புல 'வாய்களுள்ள அரம்'னு சொல்லுச்சு. அந்த வாய் எங்கருந்து வந்துச்சுன்னா எபிரெயத்துல 'பே'ன்னா வாய், பட்டயத்தோட கருக்கையும் வாய்னுதான் சொல்வாங்க, நியாயாதிபதிகள் 3:16ல ஏகூத்தோட கத்திக்கு மூலத்துல ரெண்டு வாய், அதனால 'பீம்'னா நிறைய வாய் இருக்கற கருவி, அப்ப அரம்தான்னு யூகிச்சிருக்காங்க.

20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துலதான் இதுக்கு விடை மண்ணுக்குள்ளருந்து கெடச்சுச்சு. நம்ம பைபிள்ல கேசேர்னு வர்ற ஊர்ல மெக்காலிஸ்டர்ங்கற ஆய்வாளர் 1902லருந்து 1909 வரைக்கும் நடுவுல கொஞ்ச காலம் விட்டு தோண்டினார், 1912ல வந்த அவரோட அறிக்கையில ஒரு சின்ன எடைக்கல்லோட படம் இருக்கு. அதே மாதிரி கல்லு வேற எடங்கள்லயும் கெடச்சுது. வழவழன்னு தேய்ச்ச கல்லு, அடிப்பக்கம் தட்டை, மேல குமிழ் மாதிரி, ஒண்ணரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும், அதுமேல பழைய எபிரெய எழுத்துல மூணே எழுத்து: பே, யோத், மேம். அதாவது பீம்! எடை 7.6 கிராம் பக்கம் வருது, நம்ம கணக்குல ஒரு பவுனுக்கு கொஞ்சம் கம்மி. ஒரு சேக்கல் கிட்டத்தட்ட 11.4 கிராம், அப்ப பீம்ங்கறது மூணுல ரெண்டு பங்கு. அப்ப காசு அச்சடிக்கற பழக்கம் அங்க இல்ல, தராசுல ஒரு பக்கம் இந்த கல்ல வச்சு இன்னொரு பக்கம் வெள்ளிய நிறுத்து குடுப்பாங்க, நீதிமொழிகள் 16:11ல "பையிலிருக்கும் நிறைகற்கள்"னு வர்றது இந்த மாதிரி கல்லுங்கதான்.

பேரு எப்படி வந்துச்சுங்கறதுக்கும் வேதத்துலயே துப்பு இருக்கு. சகரியா 13:8ல ரெண்டு பங்கு மனுஷர் மாண்டுபோவாங்க, மூணாம் பங்கு மீதியா இருக்கும்னு வருதில்லையா, அந்த ரெண்டு பங்குக்கு எபிரெயத்துல 'பீ ஷெனாயிம்', எழுத்துப்படி பார்த்தா 'ரெண்டு வாய்', இங்க வாய்ன்னா பங்கு. பீம்ங்கறதும் அதே வழியில வந்ததா இருக்கணும்னு அறிஞர்கள் சொல்றாங்க, பாபிலோன் பக்கத்து பழைய அக்காத் மொழியிலயும் மூணுல ரெண்டுக்கு 'ஷினிபு'ன்னு இதே மாதிரி ஒரு வார்த்தை உண்டு. ஆக வாய்னு நெனச்ச பழைய ஆளுங்க ரொம்ப தூரம் போயிடல, எந்த வாய்ங்கறதுதான் மாறிப்போச்சு.

இப்ப 19லருந்து 22 வரைக்கும் சேர்த்து வாசிச்சுப் பாருங்க. இஸ்ரவேல்ல ஒரு கொல்லன் கூட இல்ல, பெலிஸ்தர் விடல, ஏர்க்கொழு மழுங்கினா கூட எதிரிகிட்டதான் எறங்கிப் போகணும், அவன் கேக்கற கூலி ஒரு பீம் வெள்ளி. யாத்திராகமம் 30:13ல ஒரு ஆள் தன் ஆத்துமாவுக்காக கர்த்தருக்கு செலுத்தற காணிக்கையே அரைச்சேக்கல்தான், கொழுவ ஒரு தடவை தீட்டறதுக்கு அத விட அதிகம்! வயித்துப் பாட்டுக்கு உழறவன்கிட்டயே இப்படி உறிஞ்சினா அப்புறம் பட்டயம் எங்கருந்து வரும், சவுலுக்கும் யோனத்தானுக்கும் தவிர ஒருத்தர் கையிலயும் இல்லன்னு அடுத்த வசனம் சொல்றது அப்பத்தான் சரியா உறைக்குது. அரம் இருந்துச்சுன்னு வாசிச்சா இந்த கொடுமை அப்படியே மறைஞ்சு போயிடுது ஐயா.

இன்னொண்ணும் சொல்லணும். கெடச்ச கல்லுங்கள்ல பெரும்பாலானது யூதா ராஜ்யத்தோட கடைசி காலத்தது, கிமு 8, 7ஆம் நூற்றாண்டு. எருசலேம் விழுந்தப்புறம் கல்லும் போச்சு, வார்த்தையும் வழக்கொழிஞ்சு போச்சு. ஆனா ஏடு பகர்த்தினவங்க, தங்களுக்கே அர்த்தம் தெரியாத அந்த கடைத்தெரு வார்த்தைய தெரிஞ்ச வார்த்தையா மாத்தாம, எழுத்து எழுத்தா இத்தனை நூற்றாண்டு பகர்த்தி வச்சிருக்காங்க. வேதம் பின்னாடி யாரோ கற்பனை பண்ணி எழுதினதுன்னு பேசற பசங்களுக்கு இத எடுத்துக் காட்டலாம்.

அடுத்த இதழ்ல இதப்பத்தி ஒரு குறிப்பும், முடிஞ்சா அந்த கல்லோட படமும் போடுங்க ஐயா. ஞாயிறு பள்ளி டீச்சர்ஸ் நிறைய பேர் உங்க பாடத்த வச்சுத்தான் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறாங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை