ஆண்டறிக்கை: மனச்சோர்வுள்ள ஆண்களுக்கான சக ஆதரவுக் குழு

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் நம் பணியில் பெரும்பகுதி வாராந்தரக் கூட்டம்தான். ஒரு வட்டத்துக்கு எட்டு முதல் பத்துப் பேர், 90 நிமிடம். ஆள் கூடினால் வட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறோம். பெரிய வட்டத்தில் பேசத் தயங்குகிறவர் கடைசிவரை பேசாமலே இருந்துவிடுவார். வழிநடத்துபவர் எப்போதும் இருவர். ஒருவர் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போனால் துணைக்கு ஒருவர் போகவேண்டும், மற்றவர் வட்டத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று நிமிடம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பார்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆகவே தூக்கம் எப்படி, விடியுமுன்னே விழிப்பு வருகிறதா, பசிக்கிறதா, வீட்டில் யார்மீதாவது எரிந்து விழுந்தீர்களா, குடி கூடியதா என்று கேட்கிறோம். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், குடி, ஓயாத வேலை, காரணம் பிடிபடாத முதுகுவலி என்று வருகிறது. வீட்டாரும் அதைக் குணக்கேடு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது என்பதுதான் அதிகம் மீறப்படும் விதி. "தைரியமா இருங்க", "உங்களுக்கு என்ன குறை?" என்பதெல்லாம் நல்லெண்ணத்தில் வருபவைதாம். ஆனால் சோர்ந்திருப்பவர் காதில் "நீ முயற்சி செய்யவில்லை" என்றே விழும். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். இப்போது ஒருவர் பேசி முடித்ததும், "யோசனை வேணுமா, நாங்க கேட்டாலே போதுமா?" என்று வழிநடத்துபவர் கேட்டுக்கொள்கிறார். பெரும்பாலும் கேட்டாலே போதும் என்றுதான் பதில் வருகிறது.

வராதவர்தான் நம் முதல் கவலை. ஒதுங்கிப்போவது இந்த நோயின் அறிகுறி. அதைப் பொறுப்பின்மை என்று எண்ணவே கூடாது. ஒரு வாரம் வராவிட்டால் அன்று இரவே "பதில் போடணும்னு இல்லை, நினைச்சுக்கிட்டோம்" என்று ஒரு செய்தி. அடுத்த வாரமும் வராவிட்டால், அவருக்குப் பழக்கமான ஒருவர் போனில் பேசுகிறார் அல்லது நேரில் போகிறார். எதிரெதிரே உட்கார்ந்து பேசக் கூசுபவர் பக்கத்தில் நடந்துகொண்டே பேசிவிடுகிறார்; ஆகவே நடைப்பயிற்சி வட்டமும் தொடர்கிறது.

மருந்தின் அளவு பற்றி வட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை, அது மருத்துவர் பொறுப்பு. ஆனால் பலர் எங்கே விட்டுவிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். வாய் உலர்தலும் குமட்டலும் அதற்கு முன்னரே வந்துவிடும், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். வேறு சிலர் தேறியதும் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வு, தூக்கமின்மை என்று அவதிப்படுவார்கள். தேறிய பிறகும் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும். மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.

மனச்சோர்வின் தீவிரத்தை ஒன்பது கேள்விகளால் கணிக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளை விருப்பமுள்ளவர்களுக்குத் தருகிறோம். மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறோம். ஒன்பதாம் கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் குறைவாகவே இருந்தாலும், அன்றே தனியாகப் பேசுகிறோம்.

"தற்கொலை எண்ணம் வருதா?" என்று நேரடியாகவே கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஆம் என்றால், திட்டம் இருக்கிறதா, வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று விசாரித்து, அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்தி, குடும்பத்தாருக்குச் சொல்லி, அவசரச் சிகிச்சைக்கு உடன் போகவேண்டும். வட்டத்தில் பேசியது வெளியே போகாது என்ற உறுதிக்கு இது ஒன்றே விலக்கு. சேரும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம்.

வழிநடத்துபவர்களும் மனச்சோர்வை அனுபவித்தவர்களே. கூட்டம் முடிந்ததும் இருவரும் பத்து நிமிடம் தமக்குள் பேசாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று செயற்குழு விதித்துள்ளது. தாம் சோர்வாக இருக்கும் வாரத்தில் பொறுப்பை மாற்றிக்கொடுக்க, வட்டத்துக்கு மூன்றாவதாக ஒருவரைப் பயிற்றுவிக்க பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

செயலாளர்