பாயார் தீவு மீன்களுக்கு ரொட்டி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் பினாங்கிலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் லங்காவிக்குப் போகின்றன. அப்படியே பாயார் தீவுக்கும் படகேறுகின்றன. கெடா கடலில் பாயார், காச்சா, லெம்பு, செகாந்தாங் என்ற நான்கு தீவுகள் சேர்ந்த கடல் பூங்கா அது. தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை.

தூண்டில் போடுபவரைத் தடுக்கிறோம், சரி. ரொட்டி போடுபவரை? நான் போன படகில், மீன்களுக்குப் போடச் சொல்லி ரொட்டியைக் கொடுத்ததே வழிகாட்டிதான்! பவளப்பாறையில் படியும் பாசியைக் கொறித்துத் தின்னும் மீன்கள் உண்டு. அவை ரொட்டிக்குப் பழகிவிட்டால் பாசி மண்டும், பவளத்துக்கு மூச்சுமுட்டும். கரையோரம் வரும், துடுப்பு நுனி கறுத்த சுறாக்குட்டிகளும் மனிதக் கையையே எதிர்பார்க்கத் தொடங்கும். (பிள்ளைகள் அதைப் பார்த்துக் குதூகலிப்பது வேறு விஷயம்.)

படகேறுமுன் 5 நிமிட விளக்கம் கட்டாயமாக வேண்டும், தமிழிலும். ரொட்டி கொடுக்கும் படகு நிறுவனங்களின் உரிமத்தையும் அதிகாரிகள் மறுபரிசீலனை செய்யட்டும்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு